ஐந்தரைக் கிலோ வெள்ளி, மூன்று பங்கு: நாகர்கோவில் வீடொன்றில் முத்திரை படித்த விவரம்

நாகர்கோவிலில் ஒரு பாகப்பிரிவினை. வீடு, தோப்பு, வயல் எல்லாம் எழுதி முடிந்த பின் மிச்சமிருந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வெள்ளிச் சாமான். மொத்தமாகத் தராசில் ஏற்றியபோது 5 கிலோ 607 கிராம். வாரிசு மூன்று பேர்: அண்ணன், தங்கை, தம்பி. எடைக்கு எடை பிரித்தால் யாருக்கும் பேச்சு இருக்காது என்று மூன்று கூறு வைத்தார்கள்.

அண்ணன் பக்கம் பெரிய தட்டமும் ஆறு கரண்டியும், 1,847 கிராம். தங்கைக்கு ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டு, சாமி உருவம் புடைத்த ஒரு கிண்ணம், வேறு ஆறு கரண்டி, 1,915 கிராம். தம்பிக்குத் தேநீர்க் கெட்டில், பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், ஒரு வெற்றிலைச் செல்லம், சின்னப் பழக்கூடை, 1,845 கிராம். பார்வைக்கு நியாயமான கூறுதான். கடைக்கு எடுத்துப் போனபோது, எல்லாவற்றையும் உருக்கி ஒரே டச்சில் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற தரக்கணக்கில்) விலை போடலாம் என்ற பேச்சும் வந்தது. உருக்குவதற்குமுன் முத்திரைகளை நாங்கள் படித்து முடித்தபோது அண்ணனின் 1,847 கிராமில் வெள்ளி என்று சொல்ல முலாம் மட்டுமே இருந்தது.

இந்த மாவட்டத்தில் ஆங்கிலேய வெள்ளி அகப்படுவதில் வியப்பில்லை. நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் லண்டன் மிஷன்காரர்கள் இருந்தார்கள். அசம்பு மலையில் துரைமார் காப்பித் தோட்டம் போட்டார்கள். 1949 வரை இது திருவிதாங்கூர், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. உள்ளூர்த் தட்டார் செய்த வெள்ளியும் சீமை வெள்ளியும் சென்னைக் கம்பெனி வெள்ளியும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். மூன்றுக்கும் முத்திரை வழக்கம் வேறு வேறு.

முத்திரையைக் கண்ணுக்குக் கொண்டுவருவது

பொருள்கள் எல்லாமே கறுத்திருந்தன. கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்ததால் ஒவ்வொன்றின் கழுத்திலும் அழுத்தமான கறுப்பு வளையம். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து செய்கிற வேலை அது. கடற்காற்றில் உப்பும் சேர்ந்தால் மேலே மங்கிய சாம்பல் படலம் ஒன்று கூடுதலாகப் படியும். இதைப் பார்த்தவுடன் புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்ப்பதுதான் வீட்டு வழக்கம். முத்திரை உள்ள இடத்தில் அதைச் செய்யவே கூடாது. குத்து முத்திரையின் ஆழம் மிகக் குறைவு. பல ஆண்டு விபூதித் தேய்ப்பில் முத்திரையிலுள்ள சிங்கம் வெறும் மேடாகிவிடும், சோதித்த ஆண்டைக் குறிக்கும் ஆண்டெழுத்து எது என்றே தெரியாது. இளஞ்சூட்டு நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ். அவ்வளவு போதும்.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். டார்ச்சை நேராக அடித்தால் வெள்ளி பளபளத்து எதுவும் தெரியாது; பக்கவாட்டில், கிட்டத்தட்ட பொருளின் மேல் படுக்க வைத்தாற்போல் பிடிக்க வேண்டும். அப்படியும் படிக்க முடியாத தேய்ந்த முத்திரைக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. விளக்குச் சுடரில் அந்த இடத்தை ஒரு நொடி காட்டிக் கரி பிடிக்கவிட்டு, ஆறியதும் ஒளிபுகும் செலோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத்தாளில் பதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விளிம்புகூடத் தாளில் வந்துவிடும். உள்ளே அரக்கு அடைத்த பொருளுக்கு மட்டும் இதைச் செய்யக்கூடாது, சூட்டில் அரக்கு இளகும்.

எங்கே தேடுவது என்பதும் முக்கியம். கரண்டியில் காம்பின் பின்புறம். கெட்டிலில் அடிப்பாகம் அல்லது கைப்பிடிக்குப் பக்கத்தில். மூடி தனியாகக் கழன்று வருமானால் அதிலும் முத்திரை இருக்க வேண்டும். உடலில் இருக்கும் முழு வரிசை அதில் இராது, சிங்கமும் ஆண்டெழுத்தும் இருந்தாலே சரி. தண்டுகளில் பாத விளிம்பின் ஓரம்.

கெட்டில்: நான்கு குத்து, நான்கு கேள்வி

கெட்டிலின் அடியில் நான்கு முத்திரை: இரண்டு எழுத்துள்ள ஒரு கட்டம், ஒரு நங்கூரம், இடப்பக்கம் பார்த்து நடக்கும் சிங்கம், சிறிய ஆங்கில எழுத்து 'எச்'. ஒவ்வொன்றும் தனிக் கேள்விக்கு விடை.

சிங்கம் தரத்தைச் சொல்கிறது: ஆயிரத்துக்கு 925 பங்குக்குக் குறையாத வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங். மிச்சம் பெரும்பாலும் செம்பு. 1544 முதல் லண்டனில் குத்தப்பட்டுவரும் முத்திரை இது. நங்கூரம் சோதித்த ஊரைச் சொல்கிறது: பர்மிங்ஹாம். நங்கூரத்தைப் பார்த்ததும் இது கப்பல் சாமான், குளச்சலில் இறங்கியது என்று இங்கே சொல்லிவிடுவார்கள். பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் கடலே கிடையாது. 1773இல் பர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும் சோதனை அலுவலகம் கிடைத்தபோது ஒன்று நங்கூரத்தையும் மற்றது கிரீடத்தையும் எடுத்துக்கொண்டது. அனுமதிக்காக லண்டனில் தங்கி முயன்றபோது 'கிரீடமும் நங்கூரமும்' என்ற விடுதியில் கூடியதால் வந்த சின்னங்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, டப்ளினுக்குக் கிரீடமணிந்த யாழ். ஷெஃபீல்டு 1975இல் கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறியது.

ஆண்டெழுத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுவது. 'எச்' என்றவுடன் பட்டியலைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட ஆண்டைச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஓர் எழுத்தாக நகர்ந்து, முடிந்ததும் மறுபடி 'ஏ'விலிருந்து தொடங்கும் இந்தச் சுற்று ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனி. பர்மிங்ஹாமில் 1900இல் தொடங்கிய சிறிய எழுத்துச் சுற்றில் 'எச்' என்றால் 1907. ஷெஃபீல்டில் 1893இல் தொடங்கிய சுற்றில் அதே எழுத்து 1900. லண்டனில் 1896 சுற்றில் 1903. 'ஜே' எழுத்தை விட்டுவிட்டு எண்ண வேண்டும். லண்டன் 'யு'வோடு நிறுத்திக்கொள்ளும், மற்ற இரண்டும் 'இசட்' வரை போகும். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் சுற்றுக்குச் சுற்று மாறும், அதையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். 1975க்கு முன் எழுத்து ஆண்டின் நடுவில் மாறியதால் இந்தக் கெட்டிலை 1907-08 என்று எழுதுவதே சரி. முதலில் ஊர், பிறகுதான் எழுத்து. அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது, அது வரி கட்டியதற்கான குத்து. இந்தக் கெட்டிலில் தலை இல்லை, 1907க்குப் பொருந்துகிறது. இப்படி ஒரு குத்து மற்றொன்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

இரண்டு எழுத்துக் கட்டம் பட்டறை முத்திரை. சோதனைக்குக் கொடுத்தவரின் பதிவு அது. கையால் தட்டியவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, விற்ற கம்பெனியாகவும் இருக்கலாம். ஒரே இரண்டு எழுத்தைப் பல பேர் பதிந்திருப்பார்கள். ஆகவே எழுத்துகளுக்கு நடுவே புள்ளி உண்டா, கட்டம் செவ்வகமா, நீள்வட்டமா, கேடயமா, மூலை வெட்டியிருக்கிறதா என்பதெல்லாம் எழுத்தளவுக்கு முக்கியம். பதிவுப் பட்டியலில் ஊர், ஆண்டு, கட்டம் மூன்றும் ஒத்துப்போனால்தான் பெயரை எழுத வேண்டும்.

சர்க்கரைக் கிண்ணத்தில் இதே நான்கு குத்தும் அப்படியே. பால் குவளையில் கதை வேறு. உடலில் ஷெஃபீல்டு முத்திரை சரியாக இருக்கிறது, ஆனால் மூக்கு பின்னால் ஒட்டியது. மூச்சை ஊதிப் பனிபடியச் செய்தால் மூக்கைச் சுற்றிப் பொடி வைத்துப் பற்றவைத்த கோடு தனி நிறமாகத் தெரிந்தது. மூக்கில் முத்திரை இல்லை. நேர்க்குவளையாக வந்ததை இங்கே யாரோ பால் ஊற்றத் தோதாக மாற்றியிருக்கிறார்கள். வெள்ளிதான், உருக்கினால் கிட்டத்தட்ட அதே டச் வரும். ஆனால் ஜோடிசேர்ந்த தேநீர் செட் என்று இதை விற்க முடியாது. இங்கிலாந்துச் சட்டப்படி, மாற்றிய பொருளை மறுபடி சோதித்து முத்திரை வாங்காமல் விற்பதும் ஆகாது.

பன்னிரண்டு கரண்டி

கரண்டிகள் ஒரே நீளம், ஒரே சாயல். ஆறில் கிரீடம், சிங்கம், 'எச்', பட்டறை எழுத்து: ஷெஃபீல்டு 1900. மற்ற ஆறிலும் நான்கு சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் வளைந்து நெளிந்த பழைய பாணி எழுத்து. தூரத்தில் பார்த்தால் ஹால்மார்க்தான். லென்ஸில் இ, பி, என், எஸ். நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்முலாம் என்பதன் சுருக்கம். நம் கடைத்தெருவில் 'ஜெர்மன் சில்வர்' என்கிற அதே உலோகம்: செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில்தான் சில்வர்.

இந்த வேடம் தற்செயலானது அல்ல. முலாம் கம்பெனிகள் வேண்டுமென்றே ஹால்மார்க் தோற்றத்தில் குத்தின. ஷெஃபீல்டு முலாம்காரர்கள் கிரீடத்தையே போட்டுக்கொண்டிருந்தார்கள். 1896இல்தான் அது தடுக்கப்பட்டது. 'ஏ1', 'இ.பி.' எல்லாம் முலாமின் அடையாளமே. முலாம் கரண்டியை முத்திரை பார்க்காமலே பிடிக்கவும் வழி உண்டு: மேசையில் வைத்தால் பலகையைத் தொடுகிற பின்புறக் குமிழைப் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது அங்கேதான், மங்கிய மஞ்சள் சாயல் எட்டிப்பார்க்கும்.

இரண்டிலும் ஒவ்வொரு கரண்டியை அடர்த்திச் சோதனைக்கு எடுத்தோம். 0.01 கிராம் காட்டும் தராசில் கரண்டியை நிறுத்த வேண்டும். பிறகு நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய தங்கூசி இழையில் கரண்டியைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு இப்போது காட்டும் எண் விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இதால் வகுக்க வேண்டும். ஷெஃபீல்டு கரண்டி 68.42 கிராம், விலக்கிய நீர் 6.61, அடர்த்தி 10.35. ஸ்டெர்லிங்குக்கு வர வேண்டியது 10.36. மற்றது 61.20, நீர் 7.00, 8.74. ஜெர்மன் சில்வரேதான்.

சாதாரண 0.1 கிராம் தராசில் இதைச் செய்து பயனில்லை. 6.6 என்ற எண்ணில் 0.1 தவறினாலே விடை 10.2க்கும் 10.5க்கும் நடுவே ஆடும். 800 தர வெள்ளியின் அடர்த்தி சுமார் 10.14, அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கரண்டிக் குழியில் காற்றுக்குமிழி ஒட்டினால் எண் கெடும். நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் ஒட்டாது. மரக்கைப்பிடி உள்ளது, உள்ளே அடைத்தது, இவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

தட்டம்: 99 என்று வந்தால் சந்தேகப்படுங்கள்

1,480 கிராம் தட்டம்தான் கூட்டத்தில் கம்பீரமானது. அடியில் கேடயத்துக்குள் 'இ அண்ட் கோ', பக்கத்தில் ஓர் எழுத்து. எல்கிங்டன் கம்பெனி, பர்மிங்ஹாம். 1840இல் மின்முலாம் காப்புரிமை எடுத்தவர்கள். அவர்கள் அசல் வெள்ளியும் செய்தார்கள், முலாமும் செய்தார்கள். முலாம் பொருளிலும் தங்களுக்கென்று ஓர் ஆண்டெழுத்துக் குத்தினார்கள். ஆகவே கம்பெனிப் பெயரும் எழுத்தும் இருந்து சிங்கம் இல்லாவிட்டால் முலாம் என்றே கொள்ள வேண்டும். கூறு வைப்பதற்கு முன்பே ஒரு கடையில் இதை எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் (எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகக் கலவையை அளப்பது) வைத்துப் பார்த்திருந்தார்கள். 99.1 விழுக்காடு வெள்ளி என்று சீட்டு வந்தது. அண்ணன் பங்கில் தட்டம் போனதற்கு அந்தச் சீட்டும் ஒரு காரணம்.

கருவி பொய் சொல்லவில்லை. அது பார்ப்பது மேற்பரப்பின் சில பத்து மைக்ரான் ஆழம். நல்ல மின்முலாமும் ஏறக்குறைய அவ்வளவு தடிமன், அதுவும் சுத்த வெள்ளி. சீமையில் செய்த தட்டம் 99 காட்டினால், ஸ்டெர்லிங் 92.5தானே, இது ஏன் கூடுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். அசல் ஸ்டெர்லிங்கிலும் மேற்பரப்பில் செம்பு குறைந்து 94, 95 வரலாம்; 99 வராது. தட்ட விளிம்பில் தேய்ந்த ஓர் இடத்தில் மறுபடி வைத்தபோது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் வந்தன. நிக்கல் தலைகாட்டினாலே வழக்கு முடிந்தது.

நைட்ரிக் அமிலத்திலும் இதே தவறு நடக்கும். மேலே ஒரு சொட்டு விட்டால் முலாமைத்தான் சோதிக்கிறோம். கண்ணில் படாத பாத விளிம்பின் உட்புறத்தில் அரத்தால் சின்னக் கீறல் போட்டு, அதில் ஒரு சொட்டு. பச்சையாகப் பொங்கினால் செம்பு, ஜெர்மன் சில்வர். வெளிர்சாம்பல் அல்லது பால்நிறமானால் வெள்ளி. கையுறை, சன்னல் திறந்த இடம், முடிந்ததும் நிறைய தண்ணீர், பிறகு சோடா உப்புக் கரைசல். முத்திரைக்குப் பக்கத்தில் அமிலம் போகவே கூடாது.

தண்டுகள்

லண்டன் சிறுத்தை, சிங்கம், 'கே' (1905), பட்டறை எழுத்து. குற்றம் சொல்ல இடமில்லாத அசல் முத்திரை. ஜோடி எடை 1,120 கிராம். ஆனால் இவை மெல்லிய தகட்டில் அச்சிட்டு, நிமிர்ந்து நிற்க உள்ளே தார்போன்ற பிசினும் இரும்புக் கம்பியும் அடைத்தவை. அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தாலே இதை நினைக்க வேண்டும். முத்திரை உறுதி சொல்வது தகட்டுக்கு மட்டும். இந்த அளவுத் தண்டில் வெள்ளி ஜோடிக்கு 250 கிராமைச் சுற்றித்தான் இருக்கும் என்று மதிப்பிட்டோம். துல்லியமாக அறிய அறுத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு அவசியமில்லை. கொதிநீரில் முக்கிச் சுத்தம் செய்தால் பிசின் இளகித் தண்டு சாய்ந்துவிடும்.

சிங்கமே இல்லாத நல்ல வெள்ளி

சாமிக் கிண்ணத்தில் ஹால்மார்க் எதுவும் இல்லை. அடியில் 'ஓர்' என்ற பெயர்க்குத்து மட்டும். சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ். தெய்வ உருவங்களைப் புடைத்துச் செய்த இந்த வகையை வெள்ளைக்காரர்கள் 'சாமி' வேலை என்றே அழைத்தார்கள். 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்து போனதோடு சீமையில் அதற்குப் பெரிய மோகம் பிறந்தது. ஆங்கிலேய இந்தியாவில் வெள்ளிக்குச் சோதனை அலுவலகமோ கட்டாய முத்திரையோ கிடையாது. கம்பெனியின் பெயரே உத்தரவாதம். சிங்கம் இல்லை என்று இதை ஒதுக்குவது அறியாமை. மாறாக, இதே வகைக் கிண்ணத்தில் அரைகுறைச் சிங்கமும் நங்கூரமும் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பாதத்தின் உட்புறத்தில் 93 டச். 385 கிராம். சேகரிப்பாளரிடம் இதன் விலை எடைக்கு அடங்காது. உருக்கும் உலையில் போட்டால் வெறும் எடைதான்.

செல்லத்தில் ஒரு குத்தும் இல்லை. மூடிக் கீலும் மூலைகளும் உள்ளூர் வேலை. உரைகல்லில் உரைத்து, தரம் தெரிந்த உரையாணியின் கோட்டோடு ஒப்பிட்டபோது 91. அந்த எண் பழைய ரூபாயின் தரம்: 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ரூபாயை உருக்கிப் பாத்திரம் செய்வது அன்றைய வழக்கம், இதுவும் அப்படி வந்திருக்கலாம். 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. அதன்பின் நாணயம் உருக்கிச் செய்த வெள்ளி என்றால் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும்.

பழக்கூடையில் பிறை, கிரீடம், 800. ஜெர்மன் முத்திரை, 1888 முதல். எண்பது விழுக்காடு. ஸ்டெர்லிங் அல்ல, ஆனால் வெள்ளி. 'ஜெர்மன் சில்வர்' என்று இதைத் தள்ளிவிடுவது இன்னொரு பெயர்க்குழப்பம்.

மறுபடி வைத்த கூறு

சுத்த வெள்ளிக் கணக்கு: கெட்டிலில் கருங்காலிக் கைப்பிடிக்கு 40 கிராம் கழித்து, மூன்று தேநீர்ப் பொருளும் 925 கிராம், சுத்தம் சுமார் 856. ஷெஃபீல்டு கரண்டிகள் 410 கிராம், 379. கிண்ணம் 358. தண்டுகள் 231. செல்லம் 582. கூடை 192. மொத்தம் 2,598 கிராம். பெட்டியின் எடையில் பாதிக்கும் குறைவு. முதல் கூறின்படி தம்பிக்கு 1,630, தங்கைக்கு 968, அண்ணனுக்குக் கணக்கில் எழுத ஒன்றுமில்லை. தட்டத்தின் முலாமைப் பிரித்தெடுக்கும் கூலிக்கே அந்த வெள்ளி கட்டாது.

புதுக் கூறில் அண்ணனுக்குத் தேநீர்ப் பொருள்கள், 856. தம்பிக்குச் செல்லம், கூடை, தண்டுகள், 1,005. தங்கைக்குக் கிண்ணமும் ஷெஃபீல்டு கரண்டிகளும், 737. கிராமில் குறைவு, கிண்ணத்தின் வேலைமதிப்பு அதை ஈடுகட்டும் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். தட்டமும் முலாம் கரண்டியும் புழங்குகிற வீட்டுக்கு என்று எடையில் சேர்க்காமல் விட்டார்கள்.

செல்லத்துக்கு இனி முத்திரை வாங்கலாமா என்று தம்பி கேட்டார். விற்கப்போவதில்லை என்றால் தேவையில்லை. டச் எழுத்தில் வேண்டுமானால், வெள்ளிக்கும் அங்கீகாரம் உள்ள மையமா என்று கேட்டுக்கொண்டு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பரிசோதனை மையத்தில் கொடுக்கலாம். இந்தியாவில் வெள்ளி ஹால்மார்க் இன்னும் விருப்பத்தின்பேரில்தான். 2025 செப்டம்பர் 1 முதல் பி.ஐ.எஸ். முத்திரை உள்ள வெள்ளியில் தரத்தோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியும் (ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளம்) வரும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் விவரம் கிடைக்கும். கொலுசில் வெறும் '925' என்று மட்டும் குத்தியிருந்தால் அது கடைக்காரர் வாய்ச்சொல்லை உலோகத்தில் எழுதியது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பில்லில் டச்சும் எடையும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

மூன்று வீட்டுக்கும் போனவற்றோடு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் வைக்கப்பட்டது: எடை, முத்திரையின் கரிப்பதிவு, சோதித்த இடம், கிடைத்த எண். கட்டுவதற்குப் பருத்தித் துணி, ரப்பர் பேண்ட் கிடையாது.